கூட்டணிக்குள் போட்டி: அமெரிக்க – ஜப்பானியப் பொருளாதார உறவு

முன்னுரை

பாதுகாப்பில் ஒன்றுபட்டு நிற்கும் நாடுகள் சந்தையில் எதிரெதிராக நிற்பது உலக வரலாற்றில் புதியதன்று. எனினும், ஒரே நேரத்தில் இரு நாடுகள் எவ்வாறு நண்பராகவும் போட்டியாளராகவும் இயங்க முடிகிறது என்பது ஆராயத்தக்க வினாவாகும். இவ்வினாவுக்கு விடை காண அமெரிக்க – ஜப்பானிய உறவு சிறந்த சான்றாக அமைகிறது.

இவ்விரு நாடுகளும் கூட்டணி ஏதுமின்றிப் பொருளாதாரப் பூசலில் ஈடுபட்ட காலமும் உண்டு. 1939ஆம் ஆண்டில் அமெரிக்கா ஜப்பானுடனான வணிக ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வதாக அறிவித்தது. 1941 ஆகஸ்டில் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தியது. தன் எண்ணெய்த் தேவையின் பெரும்பகுதிக்கு அமெரிக்காவையே நம்பியிருந்த ஜப்பான், தென்கிழக்காசியாவின் எண்ணெய் வயல்களையும் இரப்பர், ஈய வளங்களையும் நோக்கிப் படையெடுத்தது. 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படைகள் கோத்தா பாருவில் கரையிறங்கின. அதன்பின் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் பட்ட துயர் நம் சமுதாயம் அறிந்ததே.

நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு இதே இரு நாடுகள் அதைவிடப் பரந்த பொருளாதாரப் போட்டியில் இறங்கின. ஆனால் இம்முறை போர் மூளவில்லை, கூட்டணியும் குலையவில்லை. இவ்வேறுபாட்டிற்கான காரணம் யாது? கூட்டணி போட்டியை ஒழிப்பதில்லை. அது போட்டிக்கு ஓர் எல்லையை வகுக்கிறது. அவ்வெல்லையை வரைவதில் பாதுகாப்பு அளிக்கும் நாட்டின் கை ஓங்குகிறது. உடன்பாட்டிற்கான செலவில் ஒரு பகுதியைப் பேச்சுவார்த்தையில் இடம்பெறாதோர் ஏற்கின்றனர். இம்மூன்று கருத்துகளையும் வரலாற்றுச் சான்றுகளின் வழி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. போருக்குப் பிந்திய ஏற்பாடு

தோல்வியுற்ற ஜப்பானை முதலில் வலுவிழக்கச் செய்ய எண்ணிய அமெரிக்கா, பனிப்போர் தொடங்கியதும் அந்நாட்டைத் தன் அணியின் தொழிற்கூடமாக வளர்க்க முற்பட்டது. 1949ஆம் ஆண்டில் ஒரு டாலருக்கு 360 யென் என நாணய மாற்று விகிதம் நிலைநிறுத்தப்பட்டது. 1950இல் கொரியப் போர் வெடித்தபோது அமெரிக்கப் படைக்குத் தேவையான பொருள்களை ஜப்பானிய ஆலைகள் வழங்கின. நிதி நெருக்கடியில் தள்ளாடிக்கொண்டிருந்த டொயோட்டா நிறுவனம் மீண்டெழுந்தது அமெரிக்கப் படை கொடுத்த சரக்குந்து ஆணைகளால்தான். 1955இல் ஜப்பான் ‘காட்’ எனப்படும் வணிக, சுங்கவரிப் பொது உடன்பாட்டில் சேர்வதற்கும் அமெரிக்கா துணை நின்றது.

1951இல் கையெழுத்தான பாதுகாப்பு ஒப்பந்தம் 1960இல் திருத்தியமைக்கப்பட்டது. ஜப்பான் தாக்கப்பட்டால் அமெரிக்கா துணை நிற்கும். அதற்கு ஈடாக ஜப்பானிய மண்ணில் அமெரிக்கப் படைத்தளங்கள் இயங்கும். இவ்வொப்பந்தத்தின் இரண்டாம் விதி, இரு நாடுகளும் தம் அனைத்துலகப் பொருளாதாரக் கொள்கைகளிடையே எழும் முரண்பாடுகளை நீக்க முயலும் என்றும், பொருளாதார ஒத்துழைப்பை ஊக்குவிக்கும் என்றும் கூறுகிறது. பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்றில் பொருளாதார முரண்பாடு பற்றிய விதி இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது. நண்பர்களிடையேயும் அத்தகைய முரண்பாடு எழும் என்பதை அதனை வரைந்தோர் முன்னரே உணர்ந்திருந்தனர் எனலாம்.

2. நூலும் கயிறும்

முதல் பெரும் சிக்கல் துணி வணிகத்தில் எழுந்தது. 1968ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் அமெரிக்கத் தென் மாநிலங்களின் நெசவாலைகளைப் பாதுகாப்பதாக நிக்சன் வாக்களித்திருந்தார். அதே வேளையில், அமெரிக்க ஆட்சியில் இருந்த ஒக்கினாவாத் தீவைத் திரும்பப் பெறுவதைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டிருந்தார் ஜப்பானியப் பிரதமர் சாத்தோ. 1969 நவம்பரில் இருவரும் சந்தித்தபோது இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தன. ஆயினும் ஜப்பானிய நெசவுத் தொழில்துறையின் எதிர்ப்பால் துணி உடன்பாடு இழுபறியாயிற்று.

1971ஆம் ஆண்டில் அமெரிக்கா தன் அதிருப்தியை வெளிப்படையாகக் காட்டியது. ஜப்பானைக் கலந்துகொள்ளாமலேயே தாம் சீனாவுக்குச் செல்லவிருப்பதை ஜூலையில் நிக்சன் அறிவித்தார். ஆகஸ்டு 15ஆம் நாள் டாலருக்கும் தங்கத்திற்கும் இருந்த பிணைப்பை அறுத்ததோடு, இறக்குமதிகள்மீது 10 விழுக்காடு கூடுதல் வரியும் விதித்தார். துணி உடன்பாடு எட்டப்படாவிட்டால் பகை நாடுகளுடனான வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சட்டத்தையே பயன்படுத்தப்போவதாக எச்சரிக்கையும் விடுக்கப்பட்டது. அக்டோபரில் ஜப்பான் பணிந்தது. டிசம்பரில் யென்னின் மதிப்பும் டாலருக்கு 308 என உயர்த்தப்பட்டது. பாதிக்கப்பட்ட நெசவாளர்களின் தறிகளை ஜப்பானிய அரசே விலை கொடுத்து வாங்கியது. 1972 மே மாதம் ஒக்கினாவா ஜப்பானிடம் திரும்பியது.

‘நூலை விற்றுக் கயிற்றை வாங்கினோம்’ என ஜப்பானியர் இதனை எள்ளலாகக் குறிப்பிட்டனர். ஒக்கினாவா என்னும் பெயரை எழுதும் இரண்டாவது எழுத்து கயிறு எனப் பொருள்படும். நெசவுத் தொழிலாளர்களின் வாழ்வாதாரமும் ஒரு தீவின் விடுதலையும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டதை அச்சொற்றொடர் சுருங்கச் சொல்கிறது.

3. கார் வணிகமும் ‘தன்விருப்ப’க் கட்டுப்பாடும்

1979ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்க மக்கள் எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் சிறு கார்களை நாடினர். அவற்றைத் தரமாக உற்பத்தி செய்தவை ஜப்பானிய நிறுவனங்களே. கிரைஸ்லர் நிறுவனம் அரசின் கடன் உத்தரவாதத்தால் உயிர்தப்பியது. கார்த் தொழிலின் தாயகமான மிச்சிகன் மாநிலத்தில் 1982இல் வேலையின்மை 15 விழுக்காட்டைத் தாண்டியது. அவ்வாண்டு டெட்ராய்ட் வட்டாரத்தில் சீன வமிசாவளி இளைஞர் ஒருவர், ஜப்பானியர்மீது மூண்டிருந்த வெறுப்புக்கு இரையாகி, கார்த் தொழிலைச் சார்ந்த இருவரால் அடித்துக் கொல்லப்பட்டார். அரசுகளிடையிலான வணிகப் பூசல் தெருவில் எவ்வுருவம் கொள்ளும் என்பதற்கு அக்கொலை ஒரு சான்றாகும்.

ஒரு நாட்டின் பொருளுக்கு மட்டும் தடை விதிப்பது ‘காட்’ விதிகளுக்கு முரணானது. ஆகவே, ஏற்றுமதி செய்யும் நாடே தன் ஏற்றுமதியைத் தானாகக் குறைத்துக்கொள்ளும் ‘தன்விருப்ப ஏற்றுமதிக் கட்டுப்பாடு’ என்னும் வழி கையாளப்பட்டது. 1981 மே மாதம் ஜப்பான், ஆண்டுக்கு 1.68 மில்லியன் கார்களுக்கு மேல் அமெரிக்காவுக்கு அனுப்புவதில்லை என அறிவித்தது. இவ்வரம்பு 1984இல் 1.85 மில்லியனாகவும் 1985இல் 2.3 மில்லியனாகவும் தளர்த்தப்பட்டு, 1994இல் முடிவுக்கு வந்தது. பெயரில் ‘விருப்பம்’ இருப்பினும், மறுத்தால் அமெரிக்க நாடாளுமன்றம் கடுமையான சட்டம் இயற்றும் என்னும் அச்சமே அதனைப் பிறப்பித்தது.

இதன் விளைவுகளைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். சுங்க வரி விதிக்கப்பட்டால் விலை உயர்வால் கிடைக்கும் பணம் இறக்குமதி செய்யும் நாட்டின் கருவூலத்தைச் சேரும். எண்ணிக்கைக் கட்டுப்பாட்டிலோ பொருள் அரிதாகி விலை ஏற, அம்மிகுதி விற்பனையாளரையே சேருகிறது. கட்டுப்படுத்தப்பட்டது கார்களின் எண்ணிக்கையேயன்றி மதிப்பன்று. எனவே, ஜப்பானிய நிறுவனங்கள் சிறு கார்களைக் குறைத்து விலையுயர்ந்த கார்களை அனுப்பத் தொடங்கின. 1989இல் அறிமுகமான லெக்சஸ் போன்ற சொகுசுக் கார்கள் அப்போக்கின் தொடர்ச்சியே. அமெரிக்க வாடிக்கையாளர் கூடுதல் விலை கொடுத்தார். அதன் பயனில் ஒரு பகுதி போட்டியாளரிடமே சென்றது.

இரண்டாவது விளைவு தொழிற்சாலைகளின் இடப்பெயர்ச்சி. 1982இல் ஹோண்டா நிறுவனம் ஒஹாயோ மாநிலத்தில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்சும் இணைந்து கலிபோர்னியாவின் பிரீமாண்ட் நகரில் கூட்டு ஆலையை நடத்த முன்வந்தன. டொயோட்டா அமெரிக்கத் தொழிலாளரோடு பணியாற்றக் கற்றது; ஜெனரல் மோட்டார்ஸ் டொயோட்டாவின் உற்பத்தி முறையைக் கற்க முயன்றது. இவ்வாறு போட்டியின் நடுவிலேயே ஒத்துழைப்பு முளைத்தது.

4. பிளாசா உடன்பாடு

1980களின் முற்பகுதியில் அமெரிக்காவில் வட்டி விகிதம் உயர்ந்திருந்தது. அரசின் வரவுசெலவுப் பற்றாக்குறையும் பெருகியது. வெளிநாட்டு முதலீடு அங்கே குவிய, டாலரின் மதிப்பு ஏறியது. அதனால் அமெரிக்கப் பொருள்கள் பிற நாடுகளில் விலை மிகுந்தவையாயின. 1985 செப்டம்பர் 22ஆம் நாள் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் அமெரிக்கா, ஜப்பான், மேற்கு ஜெர்மனி, பிரான்சு, பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகளின் நிதியமைச்சர்களும் மைய வங்கித் தலைவர்களும் கூடி, டாலரின் மதிப்பைக் குறைக்க ஒன்றிணைந்து செயற்பட முடிவு செய்தனர்.

அப்போது ஒரு டாலர் ஏறத்தாழ 240 யென்னாக இருந்தது. 1987ஆம் ஆண்டின் இறுதியில் அது ஏறக்குறைய 120 யென்னாக வீழ்ந்தது. இதன் பொருளை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். 2.4 மில்லியன் யென் விலையுள்ள கார் முன்பு 10,000 டாலருக்கு விற்கப்பட்டது எனில், இரண்டே ஆண்டுகளில் அதே கார் 20,000 டாலராக வேண்டும். அவ்வாறு விலையேற்ற இயலாத நிறுவனங்கள் தம் இலாபத்தைக் குறைத்துக்கொண்டன; அல்லது உற்பத்தியை வெளிநாட்டுக்கு மாற்றின.

எதிர்பார்த்த பயன் உடனே விளையவில்லை. ஜப்பானுடனான அமெரிக்க வணிகப் பற்றாக்குறை 1985இல் ஏறத்தாழ 46 பில்லியன் டாலராக இருந்தது. 1987இல் அது 56 பில்லியனாகக் கூடியது. அமெரிக்க மக்களின் நுகர்வும் அரசின் பற்றாக்குறையும் குறையாத நிலையில், நாணய மதிப்பை மட்டும் மாற்றுவது போதுமானதாக இல்லை. 1987 பிப்ரவரியில் பாரிஸ் நகரில் எட்டப்பட்ட லூவர் உடன்பாடு டாலரின் சரிவை நிறுத்த முயன்றது.

ஏற்றுமதி நலிவை ஈடுசெய்ய ஜப்பானிய மைய வங்கி தன் வட்டி விகிதத்தை 1986 தொடக்கத்தில் இருந்த 5 விழுக்காட்டிலிருந்து 1987 பிப்ரவரிக்குள் 2.5 விழுக்காடாகக் குறைத்து, 1989 மே வரை அந்நிலையிலேயே வைத்திருந்தது. மலிவான கடன் நிலத்திலும் பங்குச் சந்தையிலும் பாய்ந்தது. 1989ஆம் ஆண்டின் கடைசி வணிக நாளில் 38,915 புள்ளிகளைத் தொட்ட நிக்கேய் குறியீடு, அதன்பின் சரிந்து, அவ்வுயரத்தை மீண்டும் கடக்க 2024 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இவ்வீழ்ச்சிக்குப் பிளாசா உடன்பாடே முழுக் காரணம் எனச் சிலர் கூறுவர். ஆனால் அதே உடன்பாட்டால் ஜெர்மானிய மார்க்கின் மதிப்பும் உயர்ந்தது. ஜெர்மனியில் அத்தகைய வீழ்ச்சி நிகழவில்லை. ஆகவே, நட்பு நாட்டின் நெருக்குதலும் ஜப்பான் தானே மேற்கொண்ட நிதிக் கொள்கையும் சேர்ந்தே அவ்விளைவைத் தந்தன எனக் கொள்வதே பொருத்தமாகும்.

5. மின்னணுச் சில்லுகளும் நாட்டுப் பாதுகாப்பும்

துணி, கார் ஆகியவற்றைவிடக் கூர்மையான பூசல் கணினிச் சில்லுகளால் எழுந்தது. ஏவுகணைகளும் போர் விமானங்களும் இச்சில்லுகளை நம்பியிருந்தமையால், இத்துறையில் நண்பனிடம் பின்தங்குவதும் பாதுகாப்புக் குறைபாடாகவே அமெரிக்காவில் கருதப்பட்டது. 1986 செப்டம்பரில் கையெழுத்தான உடன்பாட்டின்படி ஜப்பான் குறைந்த விலையில் சில்லுகளைக் கொட்டுவதைத் தடுக்க இசைந்தது. ஜப்பானியச் சந்தையில் வெளிநாட்டுச் சில்லுகள் 20 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு இணைப்பு மடல் ஒன்றில் இடம்பெற்றது. உடன்பாடு மீறப்பட்டதாகக் கூறி, 1987 ஏப்ரலில் அதிபர் ரேகன் 300 மில்லியன் டாலர் மதிப்புள்ள ஜப்பானியப் பொருள்கள்மீது 100 விழுக்காடு வரி விதித்தார். இரு வாரங்களுக்குள் அவருடைய நெருங்கிய நண்பரான பிரதமர் நாகாசோனே வாஷிங்டனில் வரவேற்கப்பட்டார்!

அதே ஆண்டில் புஜிட்சு நிறுவனம் பேர்சைல்டு என்னும் அமெரிக்கச் சில்லு நிறுவனத்தை வாங்க முயன்று, எதிர்ப்பால் பின்வாங்கியது. பேர்சைல்டு அப்போதே ஐரோப்பியத் தொடர்புடைய வேறொரு நிறுவனத்தின் உடைமையாக இருந்தது என்பது இங்குக் கருதத்தக்கது. இந்நிகழ்வின் விளைவாக, நாட்டுப் பாதுகாப்பைக் காரணம் காட்டி வெளிநாட்டு நிறுவனங்களின் கொள்முதலைத் தடுக்கும் அதிகாரத்தை 1988ஆம் ஆண்டுச் சட்டம் அதிபருக்கு வழங்கியது. தோஷிபாவின் துணை நிறுவனம் சோவியத் ஒன்றியத்திற்குத் துல்லிய இயந்திரங்களை விற்றது 1987இல் வெளிப்பட்டபோது, அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்பே தோஷிபா வானொலிப் பெட்டியைச் சம்மட்டியால் உடைத்தனர்.

சில்லு உடன்பாட்டால் விலை உயர்ந்தபோது அமெரிக்கக் கணினி உற்பத்தியாளர்கள் பாதிப்புற்றனர். அவ்வுயர்ந்த விலையைப் பயன்படுத்தி முன்னேறியவை தென்கொரிய நிறுவனங்கள். 1990களின் தொடக்கத்தில் நினைவகச் சில்லு உற்பத்தியில் சாம்சுங் முதலிடத்தைப் பிடித்தது. இருவர் மோதிய களத்தில் மூன்றாமவர் வென்றார்.

6. தென்கிழக்காசியாவில் விளைந்த மாற்றங்கள்

யென்னின் எழுச்சி மலேசியாவை இருவழிகளில் தொட்டது. முதலாவது, கடன் சுமை. 1982இல் பிரதமர் மகாதீர் அறிவித்த ‘கிழக்கு நோக்கும் கொள்கை’யின்கீழ் மலேசியா ஜப்பானுடன் நெருங்கியிருந்தது. யென்னில் பெற்ற கடன்களைத் திருப்பிச் செலுத்தும் செலவு நாணய மதிப்பு உயர்வால் பெருகியது. மிட்சுபிசியின் துணையுடன் 1985 ஜூலையில் தன் முதல் காரை வெளியிட்ட புரோட்டோன் நிறுவனம், இரண்டே மாதங்களில் பிளாசா உடன்பாட்டைச் சந்தித்தது. ஜப்பானிலிருந்து தருவித்த உதிரிப்பாகங்களின் விலையும் யென் கடனும் ஒருசேர ஏறின.

இரண்டாவது, முதலீட்டு வரவு. 1985இல் பொருளாதாரப் பின்னடைவைக் கண்ட மலேசியா, 1986ஆம் ஆண்டு முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டத்தின் வழி வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்குச் சலுகைகள் வழங்கியது. உள்நாட்டில் உற்பத்தி செய்வது கட்டுப்படியாகாத ஜப்பானிய மின்னணு நிறுவனங்கள் பெருமளவில் இங்கு வந்தன. இன்டெல் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் 1970களின் தொடக்கத்திலேயே பினாங்கில் கால்பதித்திருந்தன. போட்டியிட்ட இரு வல்லரசுகளின் ஆலைகளும் ஒரே தொழிற்பேட்டைகளில் அருகருகே இயங்கின. தோட்டங்களை விட்டு வெளியேறிய தமிழ் இளையோர் பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இவ்வாலைகள் மாதச் சம்பளத்திற்கு வழிகாட்டின. பிளாசா ஹோட்டலில் எடுக்கப்பட்ட முடிவின் அலை அவர்கள் வாழ்விலும் வந்து மோதியது எனலாம்; அம்முடிவை எடுத்தோர் அவர்களை எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

கூட்டணியின் எல்லை இவ்வட்டாரத்தில் அரசியல் வடிவிலும் வெளிப்பட்டது. 1990 டிசம்பரில் மகாதீர் கிழக்காசியப் பொருளாதாரக் குழுவை அமைக்க முன்மொழிந்தார். அதில் அமெரிக்காவுக்கு இடமில்லை. அமெரிக்கா கடுமையாக எதிர்த்தது. தலைமையேற்க வேண்டிய ஜப்பான் தயங்கி ஒதுங்கியது. 1997ஆம் ஆண்டு நிதி நெருக்கடியின்போது ஜப்பானே ஆசியப் பண நிதியத்தை முன்மொழிந்து, அமெரிக்க எதிர்ப்பால் கைவிட்டது. ஜப்பான் ஆசியாவின் முதன்மைப் பொருளாதாரமாகத் திகழ்ந்த காலத்தும், தன் நண்பன் வரைந்த கோட்டைத் தாண்டவில்லை.

7. பனிப்போருக்குப் பின்

பொதுவான பகைவன் மறைந்தபின் இருதரப்பின் சினமும் வெளிப்படையாயிற்று. 1991 வளைகுடாப் போருக்கு ஜப்பான் 13 பில்லியன் டாலர் வழங்கியும் உரிய நன்றி கிட்டவில்லை என்னும் வருத்தம் ஜப்பானியரிடம் நிலைத்தது. 1994 பிப்ரவரியில் எண்ணிக்கை இலக்குகளை ஏற்க மறுத்துப் பிரதமர் ஹொசொக்காவா வெறுங்கையோடு நாடு திரும்பினார். 1995இல் ஜப்பானின் 13 வகைச் சொகுசுக் கார்கள்மீது 100 விழுக்காடு வரி விதிக்கப்படும் என அமெரிக்கா அச்சுறுத்தியது. அவ்வாண்டு தோன்றிய உலக வணிக அமைப்பில் ஜப்பான் முறையிட்டது. ஜூன் இறுதியில் ஜெனீவாவில் எட்டப்பட்ட உடன்பாட்டில், ஜப்பானிய அரசு எந்த எண்ணிக்கை இலக்குக்கும் பொறுப்பேற்கவில்லை. பொது விதிகளைக் கொண்ட மன்றம் ஒன்று இருக்கும்போது, வலுக்குறைந்த நண்பனாலும் மறுப்புச் சொல்ல இயலும் என்பதை இது காட்டுகிறது. அடுத்த ஆண்டே, 1996 ஏப்ரலில், கிளின்டனும் ஹாஷிமோட்டோவும் பாதுகாப்புக் கூட்டணியை உறுதிப்படுத்திக் கூட்டறிக்கை வெளியிட்டனர்.

சீனாவின் எழுச்சிக்குப் பிறகு இவ்வுறவு மீண்டும் பழைய அமைப்பையே ஒத்திருக்கிறது. 2017இல் அமெரிக்கா பசிபிக் வட்டார வணிக உடன்பாட்டிலிருந்து விலகியபோது, ஜப்பான் முன்னின்று மலேசியா, சிங்கப்பூர் உள்ளிட்ட பத்து நாடுகளுடன் அதனை 2018இல் நிறைவேற்றியது. அதே 2018இல் ஜப்பானிய எஃகின்மீதும் அமெரிக்கா 25 விழுக்காடு வரி விதித்தது. 2023இல் சில்லு உற்பத்தி இயந்திரங்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துவதில் ஜப்பான் அமெரிக்காவோடு இணைந்தது. ஆயினும், யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தை நிப்பான் ஸ்டீல் வாங்குவதை 2025 ஜனவரியில் அதிபர் பைடன் தடுத்தார். அதற்கு அவர் பயன்படுத்திய அதிகாரம், பேர்சைல்டு விவகாரத்தால் பிறந்த அதே சட்டத்தின் வழிவந்தது. ஜூன் மாதத்தில் அமெரிக்க அரசுக்குச் சிறப்பு உரிமைப் பங்கு அளிக்கும் ஏற்பாட்டுடன் அக்கொள்முதல் நிறைவேறியது. ஜூலையில் 15 விழுக்காட்டு வரியையும் அமெரிக்காவில் 550 பில்லியன் டாலர் முதலீட்டையும் உள்ளடக்கிய உடன்பாடு அறிவிக்கப்பட்டது.

முடிவுரை

திருக்குறளில் ‘பழைமை’ என்னும் அதிகாரம், நெடுநாள் நண்பர் உரிமையோடு செய்வனவற்றைப் பொறுத்துக்கொள்ளும் பண்பைப் பேசுகிறது. தனிமனித நட்பில் அவ்வுரிமை இருவருக்கும் பொதுவானது. நாடுகளின் நட்பிலோ பாதுகாப்பு அளிக்கும் நாடு உரிமை எடுத்துக்கொள்கிறது. பாதுகாப்பைப் பெறும் நாடு பொறுத்துக்கொள்கிறது. துணி முதல் எஃகு வரை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இம்முறையே தொடர்ந்து காணப்படுகிறது.

எனினும், இச்சமனின்மையை மட்டும் கண்டு அக்கூட்டணியைப் பயனற்றது என ஒதுக்குதல் பொருந்தாது. பூசல்கள் ஒவ்வொன்றும் பேச்சுவார்த்தையில் முடிந்தன. 1941ஆம் ஆண்டின் பூசல் அவ்வாறு முடியவில்லை. வல்லரசுகளின் நட்பால் கிட்டும் அமைதி நம்மைப் போன்ற சிறிய நாடுகளுக்கும் தேவையானதே. ஆனால் அந்நட்பு நிலைப்பதற்கான விலையில் நம் பங்கும் அடங்கியுள்ளது. நாணய மதிப்பு, ஏற்றுமதி வரம்பு, முதலீட்டு விதி ஆகியவை குறித்துப் பெரிய நாடுகள் தமக்குள் உடன்பாடு காணும் ஒவ்வொரு முறையும், அதன் விளைவு எங்கே இறங்கும் என்பதை முன்கூட்டியே கணிக்கும் ஆற்றல் சிறிய நாடுகளுக்கு வேண்டும். பல நாடுகளுக்கும் பொதுவான விதிகளையும் மன்றங்களையும் அவை உறுதியாகப் பற்றிக்கொள்ள வேண்டிய காரணமும் இதுவேயாகும்.